பிரேக் மாத்தினது நான்தான்

வாங்கண்ணா, உட்காருங்க. அந்த நாற்காலி வேணாம், ஆடும். இதுல உட்காருங்க. காரமடையில இருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, ஆனாலும் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. காலையில உங்களுக்கு ஒரு போன் வந்திருக்குமே? "க்கும்... நான் பொன்னுரங்கம் பேசறனுங்க. வண்டி நேத்தே வித்துப்போச்சுங்க. சிரமப்பட்டு மேல ஏறி வர வேண்டாமுங்க. புரியுதுங்களா?" அப்படின்னு? நீங்ககூட "சரிங்க"ன்னு சொல்லி வெச்சீங்களே. அப்புறம் எதுக்கு வந்தீங்க?

சிரிக்காதீங்க. பேசினது எங்க மாமாதான்.

சரி, நான்தான். ஆனா அச்சு அசல் மாமா குரல்தானே? இங்க டவர் சரியில்லைங்க. அதனால கொஞ்சம் பிசிறடிச்சிருக்கும். மத்தபடி எங்க ஊருல என் குரலை இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. பள்ளிக்கூடத்துல பி.டி. சார் குரல்ல மைக்குல பேசி, கடைசி பீரியடுக்கு முன்னாடியே மொத்தப் பள்ளிக்கூடத்தையும் வீட்டுக்கு அனுப்பினவ நான். "எலேய், வரிசையா போங்கடா, வரிசையா!" மணி அடிக்கற அண்ணனே ஓடி வந்து மணி அடிச்சார்னா பாத்துக்கங்க. மறுநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் நேரா என்னைத்தான் கூப்பிட்டாங்க. எப்படித் தெரிஞ்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. எவளோ போட்டுக்குடுத்திருக்கா.

என் பேரு தாரணிங்க. பன்னெண்டாவது. உள்ள தையல் மிஷின் சத்தம் கேக்குதுல்ல? அது எங்க அம்மா, வசந்தாமணி. இந்த மலையில இருக்கற காட்டேஜுக்கெல்லாம் திரைச்சீலை தைக்கறவங்க. வாசல்ல நிக்குதே அந்த வெள்ளைக் காரு, அது எங்க அம்மாவோடது. விக்கறது எங்க மாமா, அம்மாவோட அண்ணன். இதுல தப்பு எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியலையா?

டீயைக் குடிங்க. உப்பெல்லாம் போடல. போடலாம்னுதான் இருந்தேன், அம்மா பாத்துட்டாங்க.

மாமா வர்ற வரைக்கும் உங்களை உட்கார வைக்கணும்னு உத்தரவு. "க்கும், அம்மிணி, வர்றவர்கிட்ட வாயைத் திறக்காத. புரியுதா?" எங்க மாமா எதைச் சொன்னாலும் "புரியுதா"ன்னு முடிப்பார். காலை வணக்கத்துக்கே "புரியுதா" போடற ஆளு. வாயைத் திறக்காதன்னா நான் மூடிட்டு இருப்பேனா? நீங்க இந்த வண்டியை வாங்க மாட்டீங்க. நான் சொல்றதைக் கேட்டா நீங்களே எந்திரிச்சுப் போயிடுவீங்க.

அந்த வண்டியில பிரேக் போயிருந்துச்சு. அதான் விஷயம்.

அப்பா இருந்தப்ப அப்பா ஓட்டினார். அப்பா போன அடுத்த வருஷம் அம்மா எல் போர்டு மாட்டிக்கிட்டாங்க. மாமாவுக்கு அப்பவே பிடிக்கல. "பொம்பள இந்த மலை ரோட்டுல ஓட்டறதா? என்ற ஜவுளிக்கடையில பின்னாடி ரூம்பு சும்மாதான் கெடக்குது. மிஷினை அங்க போட்டுக்கோ. யார் வீட்டு வாசலுக்கும் போவ வேண்டாம், எல்லாரும் கடைக்கு வருவாங்க." நல்லாத்தான் இருக்கு, இல்ல? அந்த ரூம்புக்கு ஜன்னல் கிடையாது. ஊருக்கெல்லாம் ஜன்னல் சீலை தைக்கறவங்க ஜன்னலே இல்லாத ரூம்புல உட்காரணுமாம். அதுவும் துணி மாமா கடைத் துணி, அளவு மாமா எடுக்கற அளவு, வாடிக்கை மாமாவோட வாடிக்கை. அம்மா மாட்டேன்னுட்டாங்க. பின் சீட்டுல துணி மூட்டையைப் போட்டுக்கிட்டு குன்னூரு, குஞ்சப்பனைன்னு அவங்க பாட்டுக்குப் போவாங்க, அளவெடுப்பாங்க, மாட்டிக் குடுப்பாங்க. லீவு நாள்ல நானும் போவேன். கம்பி பிடிக்க ஆளு வேணுமில்ல?

வண்டியில சும்மா வர முடியுமா? நான் சத்தம் போட்டுட்டே வருவேன். பஸ் ஹாரன், லாரி ஏத்தத்துல முக்கற சத்தம், எதிர்ல வர்ற ஜீப்பு, எல்லாம். ஒரு தடவை பின்னாடி ஆம்புலன்ஸ் வருதுன்னு அம்மா ஓரமா நிறுத்தி வழி விட்டாங்க. ரொம்ப நேரம் வழி விட்டாங்க. அப்புறம் திரும்பி என்னைப் பாத்தாங்க பாருங்க! பிரேக் சத்தமும் போடுவேன். கிரீ...ச்! இப்படி. எப்படி? கூசுதில்ல பல்லு? ஒவ்வொரு வளைவுக்கும் ஒண்ணு. அம்மா முதல்ல பதறுவாங்க, அப்புறம் திட்டுவாங்க, அப்புறம் கண்டுக்கறதையே விட்டுட்டாங்க.

பொறவு ஒரு நாள் நிஜமாவே வண்டி கிரீச்சுன்னுச்சு. "தாரணி, சும்மா வா"ன்னாங்க. "நான் இல்லம்மா"ன்னேன். "சும்மா வான்னேன்." அடுத்த வளைவுலயும் கிரீச். நான் வாயை மூடிக் காட்டினேன். வாயை மூடிக்கிட்டே அந்தச் சத்தம் எனக்குப் போடத் தெரியும், அது அம்மாவுக்கும் தெரியும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? திறமை இருக்கறது ஒரு குத்தமா? பிரேக் பேடு தேஞ்சா அதுவே கத்திச் சொல்லும்ங்க. அதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வெச்சிருக்காங்க. பேடு மெலிஞ்சா அந்தத் தகடு, சக்கரத்தோட சேந்து சுத்தற டிஸ்க்குல உரசிக் கத்தும். அது பாவம் மழைக்காலம் பூரா கத்துச்சு. ஒவ்வொரு தடவையும் நான்தான் திட்டு வாங்கினேன். இதுல பாதிக்கப்பட்டது யாருங்க? நான்தானே?

அப்புறம் ஒரு நாள் இறக்கத்துல, தோ, இங்க இருந்தே தெரியுது பாருங்க, அந்த சில்வர் ஓக் மரத்துக்குக் கீழ வளைவு, அங்க அம்மா பிரேக்கை மிதிச்சாங்க. வண்டி நிக்கல. கரகரன்னு இரும்பை அரைக்கற சத்தம்தான் வருது. எதிர்ல பஸ்ஸு. அம்மா கத்தலைங்க. கியரைக் குறைச்சாங்க, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாங்க, மேட்டுப் பக்கமா ஒடிச்சு மண்ணுல கொண்டுபோய் சாத்திட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு சிராய்ப்பு இல்ல. பின் சீட்டு மூட்டை பூரா என் தலையில விழுந்துச்சு, அவ்வளவுதான். பஸ் டிரைவர் இறங்கி வந்து, "யக்கா, என்ன கையிக்கா உங்களுக்கு!"ன்னார். நிஜமா அப்படித்தான் சொன்னார். ஆனா அம்மா அதைக் கேக்கல. அன்னைக்குச் சாவியை ஆணியில மாட்டினவங்கதான். அப்புறம் தொடல.

மாமா வந்தார். பானெட்டைத் தூக்கினார். "க்கும், பிரேக் ஆயில் கொறஞ்சிருக்குது. அதான் பிரச்சனை. புரியுதா?"ன்னு ஒரு டப்பா ஆயிலை விளிம்பு வரைக்கும் ஊத்தினார். பேடு தேஞ்சா ஆயில் மட்டம் தானா இறங்கும்ங்க, அது நோய் இல்ல. மாமாகிட்ட யார் சொல்றது? ஊத்தி முடிச்சுட்டு, "இனிமே இந்த வண்டி வேண்டாம் வசந்தா, கடைக்கு வந்திரு"ன்னார். அம்மா காலி ஆயில் டப்பாவை எடுத்துக் குப்பையில போட்டாங்க. எனக்கு எங்க இருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. பேடு தேஞ்சா பேடு மாத்தணும். ஆளை எதுக்கு மாத்தறீங்க?

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "உங்க மாமா சொல்லட்டும் பாப்பா, வர்றேன்"னுட்டார். கடைத்தெருவுல எல்லாருக்கும் மாமா வேணும். சரி, மாமாதானே வேணும்? உதிரி பாகம் விக்கற ஹனீபா பாய் கடைக்குப் போன் போட்டேன். "க்கும், பாய், பொன்னுரங்கம் பேசறேன். தங்கச்சி வண்டிக்கு முன் சக்கரம் பிரேக் பேடு ஒரு செட்டு குடுத்து விடுங்க. புரியுதா?" பாய்க்கு ஒரு துளி சந்தேகம் வரல. "சரிங்க மொதலாளி. ஆனா ஒண்ணு, ஒரு பக்கம் மட்டும் மாத்தக் கூடாது, ரெண்டு பக்கமும் சேத்து மாத்தணும்னு பாப்பாகிட்ட சொல்லிருங்க. வண்டிய ஜாக்கி மேல நிறுத்திட்டு அடியில கையக் காலை விட வேண்டாம்னும் சொல்லிருங்க. பாப்பா பத்திரம்"னார். அவருக்கு எப்படித் தெரியும் நான்தான் மாத்தப் போறேன்னு? பெரியவங்களுக்கு ஒரு ஞானதிருஷ்டி இருக்கும் போல.

வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன். "வணக்கம் மக்களே! இன்னைக்கி நாம வீட்லயே பிரேக் பேடு மாத்தறது எப்படின்னு பாக்கப் போறோம் மக்களே!" அந்த ஆளு நட்டைக் கழட்டினாலும் மக்களே, மாட்டினாலும் மக்களே. திரும்பத் திரும்பப் பாத்து எனக்கு மொத்தமும் அவர் குரல்லயே மனப்பாடம்.

பேடு வந்து சேந்த அன்னைக்கு ஆயுத பூஜை. பேடை டப்பாவுல இருந்து எடுத்து வாசல்ல பேப்பர்ல பரப்பி வெச்சிருக்கேன். கௌசல்யா அத்தை, மாமா சம்சாரம், பொரி கடலை எடுத்துட்டு வந்தவங்க பாத்துட்டாங்க. "ஏம்மிணீ, புதுச் சாமான்! பூஜை அன்னைக்கு ஒரு பொட்டு வைக்காம மாட்டுவாங்களா?" நான் உள்ள ஸ்பேனர் எடுக்கப் போய்ட்டு வர்றதுக்குள்ள விளக்குக்கு எண்ணெய் ஊத்தின அதே கையில சந்தனத்தைக் குழைச்சு, பேடோட முகத்துலயே வைக்கப் போறாங்க. பாஞ்சு போய்க் கையைப் பிடிச்சேன். அந்த முகம்தாங்க டிஸ்க்கைக் கவ்வற இடம். எண்ணெய்க் கை பட்டா வழுக்கும், அப்புறம் பிரேக்காவது ஒண்ணாவது. "அத்தை, சாமி சத்தியமா, இதுக்கு முகத்துல பொட்டு வெச்சா நாம எல்லாரும் சாமிகிட்டயே போயிடுவோம்"னேன். அவங்க அழுவற மாதிரி ஆயிட்டாங்க. "அபசகுனமா பேசறாளே! பொட்டு வெக்காம மாட்டக் கூடாது, ஆமா." விட மாட்டாங்க. கடைசியில ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். பின்னாடி இரும்புத் தகடு இருக்குல்ல, அதுல வெச்சுக்கங்க. முதுகுல பொட்டு. நாலு பேடுக்கும் முதுகுல சந்தனம், அதுக்கு மேல குங்குமம்.

அதுலயும் ஒரு நல்லது நடந்துச்சு. முதல் தடவை மாட்டறவங்க பேடைத் திருப்பி, தகடு டிஸ்க்கைப் பாக்கற மாதிரி மாட்டிடுவாங்களாம். நானும் ஒண்ணை அப்படித்தான் செருகினேன். அப்புறம் பாத்தா உள்பக்கம் குங்குமம் தெரியுது! பொட்டு எதுக்கு டிஸ்க்கைப் பாக்குதுன்னு உடனே உருவித் திருப்பி மாட்டிட்டேன். அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் ஸ்க்ரூவுக்கெல்லாம் பொட்டு வைப்பாங்க.

வேலை ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க. வண்டி தரையில இருக்கறப்பவே நட்டை இளக்கிக்கணும். பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, ஜாக்கி போட்டு, சக்கரத்தைக் கழட்டி, அந்தச் சக்கரத்தையே வண்டிக்கு அடியில தள்ளி வெச்சுக்கணும். ஜாக்கி சரிஞ்சாலும் அது தாங்கும். உள்ள கவ்வு மாதிரி ஒண்ணு இருக்கும், காலிப்பர்னு பேரு. போல்ட்டைக் கழட்டி அதைத் தூக்கினா பேடு கையில வந்துடும். அந்தக் காலிப்பரை அப்படியே தொங்க விடக் கூடாது, பிரேக் ஆயில் போற டியூப் கிழிஞ்சிடும். நான் அம்மாவோட திரைச்சீலைக் கயித்துல கட்டித் தொங்க விட்டேன், நல்ல மஞ்சள் குஞ்சம் வெச்சது. பழைய பேடைப் பாத்தேன். பேடே இல்ல. வெறும் தகடு. புதுசு ஊட்டி வர்க்கி பிஸ்கட் மாதிரி தடிமனா இருக்கு, பழசு வர்க்கி வெச்ச தட்டு மாதிரி இருக்கு.

புது பேடு உள்ள போகணும்னா, பேடைத் தள்ளற பிஸ்டனைப் பின்னாடி அமுக்கணும். அமுக்கினா ஆயில் மேல ஏறும். மாமாதான் விளிம்பு வரைக்கும் ஊத்தி வெச்சிருக்காரே! பொங்கி வழிஞ்சுடுச்சு. பானெட்டைத் திறந்து பாருங்க, ஒரு இடத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கும். அது மாமா கைவண்ணம்.

ரெண்டு பக்கமும் போட்டு, சக்கரத்தை மாட்டி, கையைத் துடைக்கத் திரும்பினேன். அதுக்குள்ள மாமா வந்து வண்டியில ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதிச்சிட்டார். பெடல் பொதுக்குன்னு தரைக்குப் போயிடுச்சு. அது அப்படித்தாங்க போகும்! பிஸ்டனைப் பின்னாடி தள்ளி வெச்சிருக்கோம், நாலஞ்சு தடவை மிதிச்சு மிதிச்சுக் கொண்டு வரணும். மாமா கதவைத் திறந்து குதிச்சார் பாருங்க, நின்னுட்டு இருக்கற வண்டியில இருந்து! "வசந்தா! உன்ற மக உன்னைக் கொன்னுபுடுவா! பிரேக்கே இல்ல இதுல!" அம்மா வாசப்படியில நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டாங்க. நான் ஏறி உட்கார்ந்து மிதிச்சேன். ஒண்ணு, ரெண்டு, பெடல் மேல வந்துச்சு. இன்னும் மிதிச்சேன், கல்லு மாதிரி ஆயிடுச்சு. "அம்மா, வந்து மிதிச்சுப் பாருங்க!"ன்னு கத்தறேன். வரல. மிஷின் சத்தம்தான் வந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே மாமா முடிவு பண்ணிட்டார். வண்டியை வித்துடறது, தை பொறந்தா மிஷினைக் கடைக்கு மாத்திடறது. அம்மா தலையை ஆட்டினாங்க. பயந்தவங்க தலையை யாரு வேணும்னாலும் ஆட்ட வைக்கலாம்ங்க, அதுல என்ன பெருமை இருக்கு?

என்னண்ணா பாக்கறீங்க? அந்த பிரேக்கா? அதுல ஒரு குறையும் கிடையாது. நான் போட்டதாக்கும்! வாசல்ல முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்திப் பாத்திருக்கேன். கோழி குறுக்க வந்தப்ப நின்ன இடத்துல நின்னுது. என் பேச்சு வேணாம்னா விடுங்க, எங்க மாமாவே இதுல போனாரே! போன முகூர்த்தத்துக்கு மேட்டுப்பாளையத்துல அத்தை சொந்தத்துல கல்யாணம். அவர் ஜீப்பு ஒர்க் ஷாப்புல கெடந்துச்சு. அம்மா அன்னைக்குக் குன்னூருக்கு ரெண்டு மூட்டையைத் தூக்கிட்டு பஸ்ஸுல போயிருந்தாங்க. மாமா வந்து, "சாவியைக் குடு அம்மிணி, அம்மாகிட்ட கேட்டாச்சு"ன்னார். அத்தை, அத்தையோட அக்கா, அந்த அக்காவோட பேரப்பிள்ளைங்க, எல்லாம் ஏறிக்கிட்டு கீழ வரைக்கும் போய்ட்டு மறுபடி மேல ஏறி வந்தாங்க. அதைக்கூட விடுங்க. எப்படிக் கொண்டுவந்து விட்டாங்கன்னு கேளுங்க! சீட்டெல்லாம் மல்லிகைப்பூ, கீழ வாழைப்பழத் தோலு, தாம்பூலப் பை கிழிஞ்சு வெத்தலை. துடைச்சு எடுத்தது நான். "வண்டி நல்லா இருக்கா மாமா?"ன்னு கேட்டேன். "க்கும், பிரேக்கு ஒண்ணாந்தரமா பிடிக்குது"ன்னுட்டுப் போயிட்டார். ஒரு நன்றி உண்டா?

மிஷின் நின்னுடுச்சு. நூல் அறுந்திருக்கும். அந்த மிஷின் அப்படித்தான்.

எங்க விட்டேன்? ஆங், எந்த ஒர்க் ஷாப்புலயும் இப்படிப் போட்டிருக்க மாட்டாங்க. வாங்க, சக்கரத்துக்கு உள்ள எட்டிப் பாருங்க. பளபளன்னு இருக்கா டிஸ்க்கு? ஒரு கோடு இருக்கா? இறக்கத்துல குடும்பமே ஏறிப் போனாலும் மெத்துன்னு நிக்கும். சத்தம் வராது. கிளட்ச் போன வருஷம்தான் மாத்தினது. டயர் நாலும் நல்ல டயர்.

என்ன சொன்னீங்க? எடுத்துக்கறீங்களா?

அண்ணா, நான் சொன்னதுல எந்த இடத்துல இது வாங்கற வண்டியா தெரிஞ்சுது உங்களுக்கு? இருங்க, இருங்க. பின் கண்ணாடி இறங்காது. ஹாரன் அடிச்சா ஆடு கத்தற மாதிரி இருக்கும். மழை பேஞ்சா வலது பக்கம் ஒழுகும். வைப்பர் பாதியில நின்னு யோசிக்கும். ராசியும் சரியில்ல. எங்களுக்கே சரியில்ல, காரமடைக்கு எப்படிச் சரிப்படும்? சிரிக்காதீங்கண்ணா. எங்க அம்மா அந்த ஜன்னலில்லாத ரூம்புக்குப் போகக் கூடாதுங்க. அதுக்குத்தாங்க பிரேக்கே மாத்தினேன். நீங்க வாங்கறதுக்கா மாத்தினேன்?

என்னம்மா, எந்திரிச்சு வந்துட்டீங்க? நூலு அறுந்துடுச்சா?

மாமா எப்ப வண்டியை எடுத்துட்டுப் போனாரா? அதான், போன முகூர்த்தத்துக்கு. உங்ககிட்ட கேட்டாச்சுன்னாரே மாமா.

கேக்கலையா?

ஆமா, அத்தையும்தான். அத்தையோட அக்காவும். குழந்தைங்ககூடத்தான். ஆமாம்மா, கீழ வரைக்கும். மேட்டுப்பாளையம் வரைக்கும். பிரேக்கு ஒண்ணாந்தரமா பிடிக்குதுன்னு என்கிட்டயே சொன்னார், எதுக்கு இப்படிப் பாக்கறீங்க? நான் மிமிக்ரி பண்ணலம்மா, நிஜமா அவரே சொன்னது.

அம்மா, ஆணியில இருந்து சாவியை எதுக்கு எடுக்கறீங்க? அந்த மூட்டை எதுக்கு? குஞ்சப்பனைக்கா? அவங்களுக்கு நாளைக்குத்தானே... இருங்க, கதவு நான் திறக்கறேன். செருப்பு மாத்திப் போட்டிருக்கீங்க. அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கங்க, வண்டி பின்னாடி வரணும். டீ தம்ளரை எடுத்துக்கங்க! நானும் வர்றேன்மா. வேணாமா? ஏன்? சரி. சரி, இங்கயே இருக்கேன். பாத்து. இந்தப் பக்கம் ஒடிங்க. போதும். போலாம்.

போயிட்டாங்க.

பேசாதீங்கண்ணா, சித்த நேரம் பேசாதீங்க. அந்த சில்வர் ஓக் மரத்தைப் பாருங்க. இப்ப அங்க வருவாங்க. வெள்ளை தெரியுதா? அதோ. வளைவுல பஸ்ஸு ஏறி வருது. நம்ம வண்டி பின்னாடி சிவப்பு லைட்டு எரியுது. எரியுது. நின்னுடுச்சு! பாத்தீங்களா, வண்டி நின்னுடுச்சு! பஸ் போகட்டும்னு நிக்கறாங்க. எவ்வளவு ஒய்யாரமா நிக்கறாங்க பாருங்க, ரோட்டையே எழுதி வாங்கினவங்க மாதிரி. பஸ்ஸு போயிடுச்சு. லைட்டு அணைஞ்சிடுச்சு. வளைஞ்சிட்டாங்க. அவ்வளவுதான், இனி மரம் மறைச்சுக்கும்.

எனக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல, ஆயில் கையால தேச்சுட்டேன். இன்னைக்கு ஏது ஆயிலா? அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?

மாமா ஜீப்பு வருது. நீங்க எந்திரிக்க வேணாம், உட்கார்ந்து டீயைக் குடிங்க. நான் பேசிக்கறேன்.

வாங்க மாமா. ஆமாங்க, இவர்தான் காரமடையில இருந்து வந்தவரு. வண்டிங்களா? வேலைக்குப் போயிருக்குங்க.